காலுக்குப் பகை, தோலுக்கு உறவு

அந்தமானில் நண்பர்களோடு சைக்கிளில் சுற்றத் திட்டமிடுபவர்கள் முதலில் விசாரிப்பது தூரத்தைத்தான். போர்ட் பிளேரிலிருந்து சிடியாடாப்பு சுமார் 25 கிலோமீட்டர். வண்டூரும் ஏறக்குறைய அவ்வளவே. ஹேவ்லாக் படகுத்துறையிலிருந்து ராதாநகர் கடற்கரைக்கு 12 கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய் இட்லி சாப்பிட்டுத் திரும்பிப் பழகிய சென்னைக் குழுக்களுக்கு இவை சின்ன எண்களாகத் தெரியும். ஆனால் இந்தத் தீவுகளில் தூரத்தை வைத்து உடம்பு படும் பாட்டைக் கணிக்க முடியாது. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, அதில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, சாலை எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். மூன்றிலும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது காற்று. அது காலுக்குப் பகை, தோலுக்கு உறவு.

போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. ஹேவ்லாக் 2018 டிசம்பரிலேயே சுவராஜ் தீவு ஆகிவிட்டது. பலருக்கும் பழக்கமான பழைய பெயர்களையே இங்கே எழுதுகிறேன்.

காலுக்கு ஏன் பகை என்று முதலில் பார்ப்போம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றே இல்லாத காலையில், சமதரையில், நிமிர்ந்து உட்கார்ந்து மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கிறார். முன்னால் இருக்கும் காற்றை விலக்கிக்கொண்டு போக ஏறத்தாழ 50 வாட் செலவாகும். சாலையும் டயரும் உராய்வதில் இன்னொரு 35 வாட் போகும். ஆக மொத்தம் 85 வாட். ஓரளவு பழகிய எவரும் இந்த உழைப்பை மணிக்கணக்கில் கொடுக்கலாம்.

இப்போது எதிரே மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் கடற்காற்று வீசத் தொடங்குகிறது. மரக்கிளை மெல்ல ஆடும் அளவுக் காற்றுதான். ஆனால் அதே 20-இல் போகிறவரின் நெஞ்சில் காற்று மோதும் வேகம் இப்போது 35. காற்றின் தடை வேகத்தின் இருமடிப்படி ஏறும் என்பதால், தடை மூன்று மடங்காகிவிடுகிறது. 50 வாட் 150 வாட் ஆகிறது. அந்த வேகத்தைக் காப்பாற்ற மொத்தம் 185 வாட் வேண்டும். வார இறுதியில் மட்டும் ஓட்டுபவர் இதை நெடுநேரம் தாங்க மாட்டார். அவர் தன் பழைய 85 வாட்டையே கொடுத்தால் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும்.

போகும்போது எதிர்காற்று என்றால் வரும்போது பின்காற்றுதானே, இரண்டும் சரியாகிவிடும் என்று எல்லாக் குழுக்களிலும் ஒருவர் சொல்வார். சரியாவதில்லை. அதே காற்று முதுகில் பட்டால் 85 வாட்டுக்கு மணிக்கு 29 கிலோமீட்டர் வரை போகலாம். சமதரையில் 26 கிலோமீட்டர் போய்த் திரும்புவதாகக் கணக்கிடுங்கள். எதிர்காற்றில் 2 மணி நேரம், பின்காற்றில் ஒரு மணிக்குச் சற்றுக் குறைவு. காற்றே இல்லாவிட்டால் இரண்டு வழிக்கும் சேர்த்து 2 மணி 36 நிமிடம் போதும். காற்றடித்த நாளில் ஏறக்குறைய 20 நிமிடம் கூடுகிறது. காரணம், எதிர்காற்றில் மெதுவாகப் போவதால் அதனுள் அதிக நேரம் இருக்கிறோம். பின்காற்றின் உதவியோ சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

அந்தமானில் காற்றின் திசை பருவத்துக்குப் பருவம் தெளிவாக மாறும். தென்மேற்குப் பருவக்காற்று இந்தியாவில் முதலில் கால்வைப்பதே இங்கேதான், மே மாதத்தின் பிற்பாதியில். நவம்பர் முதல் வடகிழக்கிலிருந்து வீசும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற இடத்தில் சைக்கிளுக்கு ஏற்ற வறண்ட காலம் ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரைதான், அதில் பெரும்பகுதி வடகிழக்குக் காற்று. தீவுகளோ வடக்கு தெற்காக நீண்டு கிடக்கின்றன. எனவே போர்ட் பிளேரில் தொடங்கி ரங்கத், மாயாபந்தர் வழியாக வடக்கே டிக்லிப்பூர் போகிறவருக்கு வலது முன்பக்கத்திலிருந்து காற்று அடிக்கும். டிக்லிப்பூரில் தொடங்கித் தெற்கே வருபவருக்கு அதே காற்று முதுகில் கைகொடுக்கும். அந்தமான் நெடுஞ்சாலையின் பெரும்பகுதி காட்டுக்குள் போவதால் மரங்கள் காற்றை மறித்துவிடும். ரங்கத்துக்கு அருகே ஆம்குஞ்ச், மோரிஸ்டேரா கடற்கரைகளை ஒட்டி வரும் திறந்த பகுதியில்தான் இந்த வேறுபாடு கால்களுக்கு நன்றாகத் தெரியும். சுற்றுலாப் பயணிகள் எல்லாரும் போர்ட் பிளேரில் இறங்குவதால் எல்லாரும் அங்கிருந்தே மிதிக்கத் தொடங்க வேண்டும் என்பதில்லை. சைக்கிளைப் பேருந்திலோ கப்பலிலோ வடக்கே கொண்டுபோய்விட்டு, மிதித்துக்கொண்டு திரும்புவதே அறிவியல்படி சரியான ஏற்பாடு.

எதிர்காற்றில் நண்பர்களின் அருமை தெரியும். முன்னால் போகிறவர் காற்றைப் பிளக்கும்போது அவர் முதுகுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு பகுதி உண்டாகிறது. அதற்குள் ஒண்டிக்கொள்பவருக்குக் காற்றுத் தடை கால் பங்கிலிருந்து மூன்றிலொரு பங்கு வரை, நெருங்கி ஓட்டினால் இன்னும் கூட, குறைகிறது. முன்னவருக்கும் சிறு ஆதாயம் உண்டு. பின்னால் ஆள் இருப்பதால் அவர் முதுகை இழுக்கும் உறிஞ்சல் சற்றுத் தணிகிறது. ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெர்ட் பிளாக்கன் குழு 2018-இல் 121 வீரர்கள் அடங்கிய கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்தது. கூட்டத்தின் உட்புறத்தில் பின்பகுதியில் ஓட்டுபவர் எதிர்கொள்ளும் தடை, தனியாக ஓட்டினால் எதிர்கொள்வதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குவதை அவர்கள் கண்டார்கள். நாலைந்து நண்பர்களுக்கு அவ்வளவு கிடைக்காது. ஆனால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை முன்னவர் ஒதுங்கிக் கடைசிக்குப் போக, அடுத்தவர் முன்னே வந்தால், தனியாக ஒருவராலும் முடியாத வேகத்தைக் குழு எட்டிவிடும்.

காற்று மறைவில் ஒண்டும் இந்த வித்தையில் உலகத் தரத்துக்கு உயர்ந்த ஒருவரை இந்தத் தீவுகளே தந்திருக்கின்றன. அந்தமானைச் சேர்ந்த ஈசோ ஆல்பன், 2018-இல் சுவிட்சர்லாந்தின் ஐகிள் நகரில் நடந்த இளையோர் உலக டிராக் சைக்கிள் போட்டியில் கெய்ரின் பிரிவில் வெள்ளி வென்றார். உலக சைக்கிள் போட்டிகளில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் அது. கெய்ரினில் முதல் சில சுற்றுகளுக்கு ஒரு மோட்டார் வாகனம் முன்னே போய் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டும். வீரர்கள் அதன் பின்னால் வரிசையாக ஒண்டி வருவார்கள். வாகனம் விலகியதும் யார் எப்போது மறைவிலிருந்து வெளியே வருவது என்பதில்தான் வெற்றி. காற்றின் மறைவை எவ்வளவு நேரம் பயன்படுத்துவது என்ற கணக்கையே ஒரு போட்டியாக்கியிருக்கிறார்கள்.

சாலையில் அந்த நெருக்கம் வேண்டாம். முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்தை உரசினால் விழுவது பின்னால் வருபவர்தான். பள்ளம், ஈர இலை, திடீரென்று குறுக்கே வரும் மாடு என்று இங்கே எல்லாம் உண்டு. ஒரு மீட்டர் இடைவெளி விட்டாலும் ஆதாயத்தில் நல்ல பகுதி கிடைக்கும். வடகிழக்குக் காற்றில் வடக்கே போகும்போது மறைவு நேர் பின்னால் இல்லாமல் சற்று இடப்புறம் தள்ளி விழும். அதற்காகச் சாலையை அடைத்துச் சாய்வு வரிசை அமைக்கக் கூடாது. எதிரே பேருந்து வருகிற இருவழிச் சாலை இது.

இனித் தோல். நம் தசைகள் உண்ட உணவின் ஆற்றலில் நாலில் ஒரு பங்கைக்கூட முழுதாக மிதியில் சேர்ப்பதில்லை. பெடலில் 100 வாட் கொடுப்பவரின் உடம்பில் 300 வாட்டுக்கு மேல் வெப்பமாக மிஞ்சுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்றும் முதன்மை வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறக்குறைய 24 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஒரு மணி நேரத்தில் சேரும் 11 லட்சம் ஜூலுக்கு அரை லிட்டர்கூட வேண்டாம். ஆனால் அது முழுதும் ஆவியாக வேண்டும். தாடையிலிருந்து சொட்டி ஹேண்டில்பாரில் விழும் வியர்வை உடம்பைச் சிறிதும் குளிர்விப்பதில்லை. தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

வியர்வை எவ்வளவு வேகமாக ஆவியாகும் என்பதை, ஈரத் தோலின் நீராவி அழுத்தத்துக்கும் சுற்றியுள்ள காற்றின் நீராவி அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளி தீர்மானிக்கிறது. ஏப்ரல் பிற்பகலில் திருச்சியில் 38 டிகிரி வெயில், 30 விழுக்காடு ஈரப்பதம் என்று கொள்வோம். போர்ட் பிளேரில் 30 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 85 விழுக்காடு. தோல் 35 டிகிரியில் இருந்தால், திருச்சியில் அந்த இடைவெளி 36 பங்கு என்றால், போர்ட் பிளேரில் 20 பங்குதான். வெயில் 8 டிகிரி குறைந்த தீவில் வியர்வை ஆவியாகும் வேகம் பாதியை நெருங்கிவிடுகிறது. திருச்சியின் காற்று தோலைவிடச் சூடானது, தன் பங்குக்கு வெப்பத்தை உடம்பில் ஏற்றவும் செய்யும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் பார்த்து அந்தமானை எளிதென்று எண்ணுபவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஈரம் கெடுப்பதை ஓரளவு ஈடுகட்டுவது காற்றோட்டம். தோலை ஒட்டி நிற்கும் ஈரமான படலத்தை அது தள்ளிவிட்டுப் புதுக்காற்றைக் கொண்டுவருகிறது. மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும்போது சைக்கிளே அந்தக் காற்றை உண்டாக்கித் தருகிறது. நின்றவுடன் முகத்திலும் முதுகிலும் வியர்வை குபுகுபுவென்று கொட்டுவதை எல்லாரும் அனுபவித்திருப்போம். அந்த நொடியில் வியர்வை புதிதாக ஊறத் தொடங்கவில்லை. அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிக்கொண்டிருந்தது, காற்று நின்றதும் தேங்குகிறது.

இதை மனத்தில் வைத்து ஒரு மேட்டில் ஏறிப் பாருங்கள். 6 விழுக்காடு சரிவில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் 90 கிலோவை ஏற்ற 150 வாட் தேவை. வேகம் குறைந்துவிட்டதால் காற்றுத் தடை வெறும் 6 வாட். நண்பரின் முதுகுக்குப் பின்னால் ஒண்டுவதில் இங்கே பயனில்லை. உடம்பில் வெப்பமோ 450 வாட்டைத் தாண்டும். சமதரையில் இதமாகத் தள்ளிய பின்காற்றும் மணிக்கு 10 கிலோமீட்டரிலேயே வீசினால், ஓட்டுபவரைச் சுற்றிக் காற்று அசையவே அசையாது. வெப்பம் உச்சத்தில், காற்றோட்டம் பூஜ்யத்தில், இரு பக்கமும் காடு, காற்றில் 85 விழுக்காடு ஈரம். கடற்கரையில் எதிர்காற்றோடு போராடுபவரைவிட, பின்காற்றில் மேடேறுபவரே வெப்பத் தாக்குதலுக்கு அருகில் இருக்கிறார். அவருக்கோ காற்று தன் பக்கம் இருப்பதாகவே தோன்றும். தலைவலி, குமட்டல், வெயிலில் உடம்பு சிலிர்ப்பது, பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் குழு அங்கேயே நிற்க வேண்டும். நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிற வேண்டும். பேச்சு குழறினால் மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தாமதிக்கக் கூடாது. தனக்கு ஆகும் குழப்பம் தனக்குத் தெரியாது. நண்பர்களோடு போவதன் பெரிய நன்மை இதுதான் என்று நான் நினைக்கிறேன், காற்று மறைவைவிடவும் பெரியது.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வியர்வையில் லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் போகிறது. மணிக்கணக்கில் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மயக்கமும் வலிப்பும் வரலாம். தீவெங்கும் கிடைக்கும் இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. எனவே அதோடு உப்புப் போட்ட மோரோ, உப்புக்கடலையோ, ஓ.ஆர்.எஸ். பொட்டலமோ சேர்த்துக்கொள்வது நல்லது. பெங்களூரிலிருந்து வருபவரின் உடம்பு இந்த ஈர வெப்பத்துக்குப் பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் பிடிக்கும். அதற்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை முன்னதாகவே சுரக்கும், அதில் உப்புக் குறையும். சென்னை, தூத்துக்குடிக்காரர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே பழக்கம். குழுவின் வேகத்தைப் பெங்களூர் நண்பரை வைத்துத்தான் அமைக்க வேண்டும்.

இன்னொரு சலுகையைத் தீர்க்கரேகை தருகிறது. இந்திய நேரம் 82.5 டிகிரிக் கிழக்கை வைத்துக் கணிக்கப்படுகிறது. போர்ட் பிளேர் ஏறக்குறைய 92.7 டிகிரியில் இருக்கிறது. ஆகவே சூரியன் கடிகாரத்தைவிட 40 நிமிடம் முந்திப் போகும். ஏப்ரலில் ஐந்தேகால் வாக்கில் விடிந்துவிடும். ஒன்பது மணி வெயில் நம் ஊர்ப் பத்து மணி வெயிலுக்குச் சமம். ஐந்து மணிக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் முடிக்கிற குழு பிழைத்தது. குளிர்காலத்தில் மாலை ஐந்தரைக்கே இருட்டுவதையும் மறக்க வேண்டாம்.

சைக்கிளுக்கும் இந்தக் காற்றால் பாடு உண்டு. அலை உடையும்போது வெடிக்கும் குமிழிகள் நுண்ணிய உப்புத் துளிகளைக் காற்றில் ஏற்றுகின்றன. சாதாரண உப்பு, ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். அந்தமானில் இரவெல்லாம் ஈரப்பதம் அதற்கு மேல்தான். எனவே செயினில் படிந்த உப்பு காய்வதே இல்லை, நீங்கள் தூங்கும்போதும் துரு வேலை செய்கிறது. தினமும் மாலையில் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்தச் சாலைகளில் மேடுகள் ஏன் இத்தனை? சோழமண்டலக் கரை அமைதியான கரை. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்க்டிகாவிலிருந்து பிரிந்த விளிம்பில் காவிரியும் பாலாறும் வண்டலைக் கொட்டிச் சமன்செய்துவிட்டன. அதனால்தான் நம் கிழக்குக் கடற்கரைச் சாலை தட்டையாக ஓடுகிறது. அந்தமானில் இந்தியப் புவித்தட்டு பர்மா தட்டின் கீழே செருகிக்கொண்டிருக்கிறது. செருகும் தட்டிலிருந்து வழிக்கப்பட்ட கடலடி வண்டலும், கடல்தரையின் எரிமலைப் பாறைகளும் மடிந்து குவிந்து எழுந்த மலைத்தொடரின் உச்சிகளே இந்தத் தீவுகள். போர்ட் பிளேரிலிருந்து சிடியாடாப்பு போகும் வழியெங்கும் சாலை வெட்டுகளில் பழைய கடல்தரைப் பாறைகள் தெரிகின்றன. வடக்கே டிக்லிப்பூர் அருகில் சேடில் பீக் 732 மீட்டர் உயரத்துக்கு எழுகிறது. கடலுக்கும் மலைக்கும் நடுவே சமவெளி இல்லாததால் சாலை விளிம்பைத் தொடுவதும் மேலே ஏறுவதுமாகவே போகிறது.

இந்தக் கரை இன்னும் அசைகிறது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் சுமத்ராவிலிருந்து அந்தமானின் வடக்கு வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குத் தட்டு விளிம்பு பிளந்தது. நூற்றாண்டுகளாகக் கீழே இழுபட்டிருந்த மேல்தட்டின் மேற்கு நுனி விடுபட்டு எழுந்தது, அதற்குக் கிழக்கே புடைத்திருந்த பகுதி தாழ்ந்தது. மேற்கிலுள்ள வட சென்டினல் தீவிலும் இன்டர்வியூ தீவிலும் கரை ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து பவளப் பாறைகள் வெளியே வந்தன. போர்ட் பிளேர் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. கிரேட் நிகோபாரின் தென்முனையான இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் அமிழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்தது. அன்று எழுந்த சுனாமியிலிருந்து ஒன்பது வயதில் மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர்தப்பிய டெபோரா ஹெரால்ட் பின்னாளில் இந்தியாவின் முன்னணி சைக்கிள் வீராங்கனைகளில் ஒருவரானார்.

நிலம் தாழ்ந்ததை சைக்கிளில் போய்ப் பார்க்க மிகச் சிறந்த இடம் வண்டூர் சாலையில் உள்ள சிப்பிகாட். 2004 வரை நெல் விளைந்த வயல்கள் அவை. நிலம் தாழ்ந்ததும் நாளுக்கு இருமுறை உயர் ஓதத்தில் கடல் உள்ளே வந்தது. பயிரும் மரங்களும் உப்பில் பட்டுப்போயின. பிறகு அலையாத்திச் செடிகள் வந்தன, நீர்ப்பறவைகள் வந்தன. சற்று வடமேற்கே ஓக்ராபிராஜிலும் இப்படியே வயல்கள் சதுப்பாயின. காரில் போனால் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுகிற காட்சி அது. இறங்கி நின்று வயல் வரப்புகளைத் தேடிப் பாருங்கள். ஆனால் எவ்வளவு புழுங்கினாலும் இந்த ஓடைகளில் இறங்காதீர்கள், உவர்நீர் முதலைகள் வாழும் இடங்கள் இவை.

டிக்லிப்பூரிலிருந்து வரும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியில், பாராடாங்குக்குத் தெற்கே மிடில் ஸ்ட்ரெயிட் முதல் ஜிர்காடாங் வரை சுமார் 49 கிலோமீட்டர் ஜாரவா மக்களின் காப்புநிலத்துக்குள் போகிறது. அங்கே குறித்த நேரங்களில் காவல் துணையோடு வாகனங்கள் வரிசையாக மட்டுமே செல்லும். நிற்கவும் படம் எடுக்கவும் தடை. மிதித்துக் கடக்க முடியாதது பயணத்துக்குக் குறையென்று சிலர் வருந்தலாம். ஜாரவாக்கள் சில நூறு பேர்தான். 1990-களின் இறுதிவரை பெரும்பாலும் வெளியாரோடு தொடர்பைத் தவிர்த்து வாழ்ந்தவர்கள். நமக்குச் சாதாரணமான பல கிருமிகளை அவர்கள் உடம்பு கண்டதில்லை. வெளித்தொடர்பு தொடங்கிய சிறிது காலத்திலேயே, 1999-இல், அவர்களிடையே தட்டம்மை பரவியது. மேட்டில் மணிக்கு 10 கிலோமீட்டரில் மூச்சிரைக்க ஏறி, வழியில் நின்று தண்ணீர் குடித்து, இருமித் துப்பிப் போகும் சைக்கிள் குழு, மூடிய பேருந்தைவிட அதிகக் கிருமிகளை அதிக நேரம் அந்தக் காட்டில் விட்டுச்செல்லும். பாராடாங்கில் சைக்கிளைப் பேருந்திலோ படகிலோ ஏற்றிவிடுங்கள். ஜிர்காடாங் தாண்டியபின் மிதிக்கத் தொடங்குங்கள். யாராவது பணத்துக்கோ பழக்கத்துக்கோ உங்களை உள்ளே விடுவதாகச் சொன்னால், குழுவில் ஒருவரும் சம்மதிக்க வேண்டாம்.